யாரும் உட்காரக் கூடாத ஸ்டூல்

என் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் திகைத்து நிற்பார்கள். உட்கார இடம் இல்லாமல் அல்ல. எதில் உட்கார்ந்தால் நான் கத்த மாட்டேன் என்று தெரியாமல். திருவொற்றியூரில் தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. ஆட்கள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அதற்குள் ஒரு பந்திக்கே போதுமான பழைய நாற்காலிகளும் ஸ்டூல்களும் பெஞ்சுகளும் அடைந்துகிடக்கின்றன. "இது வூடா, ஆஸ்பத்திரியா? டோக்கன் குடுத்துதான் உள்ள வுடுவியா?" என்பாள் அம்மா.

இந்தப் பைத்தியம் ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஆபீசில்தான் பிடித்தது. சரக்குகளுக்குத் துறைமுகத்தில் கிளியரன்ஸ் வாங்கித் தருகிற சின்ன ஆபீஸ். அங்கே சுழல் நாற்காலிகள் வந்து இறங்கியதும், அதுவரை எங்களைத் தாங்கிய பிரம்பு நாற்காலிகளைக் கொல்லையில் மழையில் போட்டுவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதில் ஒன்றை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்திலிருந்தவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வந்தால் வரட்டும், எனக்கென்ன.

பழைய இருக்கை வாங்குவதில் எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. யானைக்கவுனிப் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருப்பவர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொள்வார். போனவுடன் எதையும் முதலில் தலைகீழாகக் கவிழ்ப்பேன். மேல்பக்கம் பாலிஷ் போட்டு ஏமாற்றலாம், அடிப்பக்கத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. நான்கு காலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். மனுஷன் உட்கார்ந்த ஸ்டூல் என்றால் ஒரு பக்கமாவது கூடுதலாகத் தேய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் யாரும் நேராக உட்காருவதில்லை. பிறகு மோந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் பூச்சிக்கு ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தட்டினால் ரவை மாதிரி தூள் கொட்டுகிறதா என்று பார்ப்பேன். இதிலெல்லாம் தேறினால் ஒரு டீ சொல்லிவிட்டு அதில் உட்காருவேன். டீ முடிவதற்குள் நான் நெளிந்தேனென்றால் அது என் வீட்டுக்கு வராது.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாரி பாக்குற? ஒரு ஸ்டூலுக்கு இவ்ளோ ரோதனையா?" என்பார் கடைக்காரர்.

"கட்டிக்கினு வாழப்போறது நான்தானே?" என்பேன்.

அந்தக் கடையில்தான் கப்பல் ஸ்டூல் கிடைத்தது. உடைந்த சுவர்க் கடிகாரங்களுக்கும் பித்தளை அண்டாக்களுக்கும் கீழே நசுங்கிக் கிடந்தது. வட்டமான தேக்குப் பலகை, தூக்குவதற்கு நடுவில் விரல் நுழைகிற மாதிரி ஒரு நீளத் துளை, கீழே விரிந்த நான்கு கால்கள், கால்களைச் சுற்றி ஒரு மர வளையம். உடைக்கப்பட்ட கப்பலில் கேப்டன் அறையிலிருந்து வந்தது என்றார். அவர் கடையில் இருக்கும் தோசைக்கல்கூட கேப்டன் அறையிலிருந்து வந்ததுதான், அதனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கவிழ்த்துப் பார்த்தபோது ஒவ்வொரு காலுக்கும் பித்தளையில் ஒரு பூண், அதில் தரையோடு திருகுவதற்கான ஓட்டை, மரத்தின் இடுக்கிலெல்லாம் வெள்ளையாக உப்பு. அடேயப்பா, இது நிஜமாகவே கடலில் கிடந்த சாமான்தான் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. டீ முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து அழுக்கெடுத்து, மெழுகு தேய்த்து, ஜன்னலோரத்தில் வைத்தேன். காலை வெயில் அதன் மேல் விழும்போது தேக்கின் ரேகை தேன் நிறத்தில் தெரியும். அன்றிலிருந்து அதில் யாரும் உட்காரக் கூடாது என்பது வீட்டின் சட்டம். நானும் உட்காருவதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் ஷூ மாட்டுவதற்காக அதில் குண்டி வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் ஒற்றை ஷூவோடு வாசலுக்கு ஓடினார்.

"உக்கார்றதுக்குத்தானே ஸ்டூலு?" என்றார் வாசலிலிருந்து.

"பாக்குறதுக்கு" என்றேன்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறாள். ஏலத்தில் எடுத்துவந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து விற்கிற இடத்தில் தன் இடத்தில் பரப்பி விற்பாள். அந்த இடத்தில் அவள் உட்காருவது ஒரு மரப்பெட்டியில். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு வந்த பெட்டி. கனமான பலகைகள், மூலைகளில் இரும்புப் பட்டை, மேலே கறுப்பு மையில் அச்சடித்த அந்நிய எழுத்துகள். அந்த எழுத்துகளை அம்மா உட்கார்ந்து உட்கார்ந்தே அழித்துவிட்டாள். பழைய சாமான் பித்து பிடித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு கண்.

"அதக் குடும்மா, பதிலுக்கு நல்ல ஸ்டூலா தரேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"அது வூட்டுக்கு வர்ற அன்னிக்கு நான் இருக்க மாட்டேன். அவசரப்படாதமே" என்பாள்.

அவள் சும்மா சொல்வதில்லை. அந்த வரிசையில் அப்படி ஒரு வழக்கம். அவரவர் உட்காரும் பெட்டியோ பலகையோ கல்லோ ராப்பகலாக அங்கேயேதான் கிடக்கும். மீன்பிடித் தடைக்காலத்திலும் கிடக்கும், புயல் எச்சரிக்கை வந்தாலும் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வருவார்களே தவிர வீட்டுக்கு எடுத்துவர மாட்டார்கள். ஒருத்தி செத்தால்தான் அவள் வீட்டு ஆம்பளை வந்து, யாரிடமும் பேசாமல், அவள் இருக்கையைத் தூக்கிக்கொண்டு போவான். அதைப் பார்த்துத்தான் வரிசைக்கே சேதி தெரியும். இருக்கை போனால் இடமும் போச்சு. மறுநாள் விடியலில் அங்கே முதலில் யார் கூடையை இறக்குகிறாளோ இடம் அவளுடையது.

முட்டி இரண்டும் தேய்ந்து அம்மாவால் நடக்க முடியாமல் போனபோது ஆபரேஷன் செய்தோம். இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, முட்டியைவிடத் தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த மரப்பெட்டி முழங்காலுக்கு ரொம்பக் கீழே. அதனால் வியாபாரம் முடிந்தது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். காசிமேட்டு வீட்டைப் பூட்டி அம்மாவை என்னோடு அழைத்துவந்தேன்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. விடியாத காலையில் அவள் ஈரத்தில் போய் உட்காருவதை நினைத்து எத்தனையோ நாள் எனக்கு மனசு அடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அவளுக்கு? ஏலம் விடுகிற நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்வாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகுவாள், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே இருப்பாள். தெருவில் மீன்காரி குரல் கேட்டால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், "சங்கரா கண்ணு செவந்துகினு கீது, நேத்து மீன யாருகிட்டமே டபாய்க்கிற?" என்று சண்டைக்கு நிற்பாள். அந்த மீன்காரி எங்கள் தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

"போதும்மா. இனிமே நீ போவத் தேவல" என்று ஒரு நாள் சொன்னேன்.

"போவாம? உன் நாக்காலிங்களுக்கு தூசி தட்டிகினு இருக்கவா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்யாண நாள் வந்தது. என் வீட்டுக்காரர் வியாசர்பாடிக்காரர், வள்ளூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. கடலும் மீனும் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும்தான் அவருக்குத் தெரியும். வரிசையின் வழக்கத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டிய அவசியம் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவர் கண்டதெல்லாம், நான் வருஷக்கணக்கில் அந்தப் பெட்டிக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்ததையும், அம்மா இப்போது வியாபாரத்துக்குப் போவதில்லை என்பதையும்தான். நல்ல மனுஷன். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராகக் காசிமேடு போய், வியாபாரம் ஓய்ந்து பெண்கள் கலைகிற வரை காத்திருந்து, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கதவைத் தள்ளினேன். கூடத்தின் நடுவில் அம்மாவின் பெட்டி. சோப்புத்தூள் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, மேலே நாலு முழம் மல்லிகைப்பூ சுற்றி வைத்திருந்தது.

பையைப் போட்டுவிட்டு "அம்மா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து அம்மா கட்டிலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்குமே இப்டி கத்தற? கப்பலா கவுந்துச்சு?"

நான் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பின்னால் என் வீட்டுக்காரர் சிவந்த கண்களோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றார். "இன்னாமா, புட்ச்சிருக்கா? கல்யாண நாளுக்கு" என்றார்.

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க!"

சத்தம் கேட்டு அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து கூடத்துக்கு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "என் எடம் பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அப்படிச் சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. "இப்பவே திருப்பிப் போட்டுட்டு வந்துர்றேன் அத்த" என்று பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

அதற்குள் தெருவில் ஒப்பாரி கேட்டது.

இரண்டு ஆட்டோக்களும் ஒரு மீன் வேனும் எங்கள் வாசலில் நின்றன. வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் அம்மாவுக்குப் பக்கத்து இடத்துக்காரி. அம்மாவோடு நெடுங்காலமாகப் பழக்கம், ஆபரேஷன் ஆனதிலிருந்து பெட்டி மேல் தன் கூடையை வைத்து இடத்தைக் காத்துவந்தவள் அவள்தான். மருமகன் கண் சிவந்து, வாயே திறக்காமல், ஆட்டோவில் பெட்டியை ஏற்றிப் போனதை டீக்கடைக்காரர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இவர்கள் போன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் போன் சார்ஜ் இல்லாமல் அலமாரி மேல் கிடந்தது, என்னுடையது ஆபீசில் சைலண்டில் கிடந்தது. வேறென்ன நினைப்பார்கள்?

"என்ன உட்டுட்டுப் பூட்டியே யக்கா..." என்று பக்கத்து இடத்துக்காரி வாசற்படியில் விழுந்தாள். உள்ளே பூ சுற்றிய பெட்டி. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் குரல் இன்னும் ஏறிவிட்டது.

அம்மா வாக்கரைத் தட்தட்டென்று ஊன்றிக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள். "செத்தவ யாருன்னு சொன்னா நானும் அழுவேன்ல?"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. பக்கத்து இடத்துக்காரி நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, யக்கா!" என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அழுகை சிரிப்பாகி, சிரிப்பு வசவாகி, அத்தனை வசவும் என் வீட்டுக்காரர் தலையில் இறங்கியது. "மாப்ளன்னு பாக்குறேன், இல்லாங்காட்டி திருக்க மீனு வால எட்த்து வெளுத்துருப்பேன்" என்றாள் ஒருத்தி. அவர் சமையல்கட்டில் போய் ஒளிந்துகொண்டு எல்லோருக்கும் டீ போட ஆரம்பித்தார். வந்தவர்கள் என் நாற்காலிகளில் கிடைத்ததில் எல்லாம் உட்கார்ந்தார்கள். மீன் வாடையும் ஈரமும் பிரம்பில் ஏறுவதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோர ஸ்டூலின் முன்னால் மட்டும் போய் மறைத்தாற்போல் நின்றுகொண்டேன்.

எல்லோருக்கும் பின்னால் ஒரு சின்னப் பெண், கையில் ரோஜா மாலையோடு, அழாமல் சிரிக்காமல் நின்றாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. வரிசையில் இடம் கிடைக்காமல் அலுமினியத் தேக்சாவைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவள் என்றார்கள்.

"நீ இன்னாத்துக்குடி கம்முனு நிக்கிற?" என்றாள் அம்மா.

"நீ பூட்டன்னாங்கோ. காலீல உன் எடத்துல கூடய எறக்கிக்கோன்னும் சொன்னாங்கோ. அழுவறதா, சந்தோசப்படறதான்னே தெர்லம்மா. மால மட்டும் வாங்கியாந்தேன்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தாள். "குடு, வீணாவ வேணாம்" என்று மாலையை வாங்கி சாமி படத்துக்குப் போடச் சொன்னாள்.

டீ குடித்த பிறகுதான் பக்கத்து இடத்துக்காரி விஷயத்துக்கு வந்தாள். பெட்டி வீட்டுக்கு வந்தது வந்ததுதான். மாப்பிள்ளை கொண்டுபோய்த் திருப்பி வைத்தால் செல்லாது. இடம் வேண்டுமென்றால் அம்மாவே நாளைக்குக் காலையில் வந்து உட்கார்ந்து முதல் போணி பண்ண வேண்டும். இல்லையென்றால் இடம் இந்தப் பெண்ணுக்கு. "உனக்குன்னு நான் மாத்தி சொன்னா, நாளிக்கு எனக்குன்னு யாரும் பேச மாட்டாங்கோ யக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. பெட்டியில் உட்கார்ந்தால் முட்டி போய்விடும், செய்த ஆபரேஷன் பாழ், போகட்டும் விடும்மா என்று நான் கத்தினேன்.

"வுட்டுட்டு?" என்றாள். "உங்கப்பன் போனப்ப நான் அங்கதான் போய் குந்துனேன். உன்ன படிக்க வெச்சது அங்க குந்திதான். அங்க போனா நாலு பேரு என்ன ஏசுவாங்கோ, நான் நாலு பேர ஏசுவேன். இங்க இன்னா கீது? நீ ஆபீசு போயிட்ற, அவரு தூங்கறாரு, நான் செவுத்த பாத்துகினு கீறேன். எடம் போச்சின்னா நான் செத்தவதான்மே. அவளுங்க அழுதது சரிதான்."

கட்டிலில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள் தினம் தினம் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"சரி, எழுந்திரு" என்றேன். "எது தோதா இருக்குன்னு பாப்போம்."

அன்று ராத்திரி என் வீட்டு இருக்கைகளை எல்லாம் அம்மா உட்கார்ந்து பார்த்தாள். ஆபீஸ் நாற்காலிதான் முதலில். கைப்பிடி இடிக்கிறது, கூடைக்குக் கை போகாது என்று தள்ளிவிட்டாள். பிரம்பு ஸ்டூல் வசதியாக இருந்தது, ஆனால் ஒரு வாரத் தண்ணீருக்குத் தாங்காது. கணக்கப்பிள்ளை உட்காருகிற உயர ஸ்டூலில் ஏற்றிவிட்டால், "இங்கேர்ந்து பாத்தா வாங்க வர்றவன் சொட்டதான் தெரியும். எறக்கி வுடு" என்றாள். பெஞ்சு ஆடியது. மடக்கு நாற்காலி பாதியில் தானாக மடங்கப் பார்த்தது, என் வீட்டுக்காரர் பாய்ந்து பிடித்தார். ஒவ்வொன்றிலும் அவள் உட்கார்ந்து, இல்லாத கூடைக்குக் குனிந்து, இல்லாத மீனை எடுத்து, எதிரே நின்ற என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கடைசியாக ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

நானே போய்க் கப்பல் ஸ்டூலைத் தூக்கிவந்து அவள் பின்னால் வைத்தேன். உட்கார்ந்தாள். முட்டி சரியான உயரத்தில் மடங்கியது, பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. விரிந்த கால்கள் ஆடவில்லை, அசையவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள். "ஒரு டீ போடு மாப்ள" என்றாள். அந்த டீயை ஒரு வாய்கூட அவசரப்படாமல் குடித்து முடித்தாள். நெளியவே இல்லை.

"இதான்" என்றாள்.

"தெரியும்" என்றேன். அழுகையாக வந்தது. ஸ்டூலுக்காகவா அம்மாவுக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

மறுநாள் விடிவதற்கு முன் ஆட்டோவில் போனோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், ஸ்டூலும் பெட்டியும் என் வீட்டுக்காரர் மடியில். வரிசையில் எல்லோரும் வந்திருந்தார்கள். புது இருக்கை வந்தால் மஞ்சள் தடவிக் கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பக்கத்து இடத்துக்காரி வாளியோடு நின்றாள். நான் மாதக்கணக்கில் மெழுகு தேய்த்த பலகை.

"யக்கோவ், அது தேக்கு! மெதுவா..." என்று என்னையறியாமல் கையை நீட்டினேன்.

"கப்பல்ல இருந்த ஸ்டூலுக்கு கடல் தண்ணி ஆவாதா? ஊத்துடி" என்றாள் அம்மா. ஒரு வாளி முழுக்க ஊற்றினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்கி மீன் பலகையை உயர்த்திக் கொடுத்தோம். அந்தச் சின்னப் பெண் ஏலத்தில் எடுத்துவந்து கொட்டினாள். அம்மா உட்கார்ந்து முந்தானையைச் செருகினாள். முதலில் வந்த ஆள் கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலையைக் குறைத்துக் கேட்டார். அம்மா அவரைத் திட்டிய திட்டில் வரிசையே கைதட்டியது. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். போணி ஆகிவிட்டது. இடம் அம்மாவுடையது.

அதன் பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தேக்சாவைத் தலைக்கு ஏற்றப்போன அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தன் பழைய பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "குந்து. உன் முட்டி நல்லாதான கீது?" பக்கத்து இடத்துக்காரி முணுமுணுத்தாள், ஆனால் தன் கூடையை ஒரு சாண் நகர்த்தினாள். அதற்கு அடுத்தவளும் நகர்த்தினாள். பெண் தயங்கித் தயங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியில் உட்கார்ந்தாள். வருஷக்கணக்கில் நான் ஆசைப்பட்ட பெட்டி. எனக்குப் பொறாமையே வரவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

இப்போது அவளுக்குக் குழந்தை பிறந்து, அதுவும் அந்த வரிசையிலேயே கூடைக்குப் பக்கத்தில் தூங்குகிறது. அம்மா தன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். நான் லீவு நாட்களில் மீன் வாங்குகிற சாக்கில் போகிறேன். என் ஸ்டூலைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவுக்குத் தெரியும். தேன் நிறம் போய்விட்டது. செதில் ஒட்டி, ஐஸ் தண்ணீர் ஊறிக் கறுத்துவிட்டது. பூணில் பச்சை பிடித்திருக்கிறது. யாரோ ஒரு காலில் வலைக்கயிறு கட்டியிருக்கிறார்கள். அம்மா எழுந்து நகர்ந்தால் டீக்கடைக்காரர் முதல் ஐஸ் வண்டிக்காரர் வரை அதில் உட்காருகிறார்கள்.

போன வாரம் பொறுக்க முடியவில்லை. அம்மா எழுந்த நேரம் பார்த்து ஸ்டூலைக் கவிழ்த்து, விரலால் மூட்டுகளை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, கல் மாதிரி இருந்தது. ஒரே ஒரு நாள் கொண்டுபோய்க் கழுவி, காயவைத்து, ஒரு கை மெழுகு தேய்த்தால் என்ன என்று தோன்றியது. துளையில் விரலை நுழைத்துத் தூக்கியேவிட்டேன்.

"ஏய்!" அம்மா குரல். "இன்னா பண்ற? அது வூட்டுக்கு வந்தா இன்னா அர்த்தம்?"

சூடு பட்ட மாதிரி கீழே வைத்தேன். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே அதில் உட்கார்ந்து முந்தானையைச் செருகினாள்.

ஜன்னலோரம் வெறிச்சென்று இருக்கிறது, வேறு ஏதாவது வாங்கி வைப்போமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கிறேன். வெயில் வெறும் தரையில் விழுந்துகிடக்கிறது. ஸ்டூல் வரவில்லை. அப்பாடா என்று போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.